குசினிக்குப் போன ஆட்டம்

புதிதாக நடுவர் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

பயிற்சி வகுப்பில் உங்களுக்குத் தடித்த விதிப்புத்தகம் ஒன்று தந்திருப்பார்கள். நல்ல புத்தகம். தொட்ட காயை ஆட வேண்டும், கைபேசி அடித்தால் தோல்வி, எல்லாம் அதில் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் மண்டபத்துக்குள் மாடு வந்தால் மணிக்கூட்டை நிறுத்துவதா விடுவதா என்பது அதில் இல்லை. மண்டபத்துப் பூட்டின் திறப்பை வைத்திருப்பவர் செத்தவீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதும் இல்லை. வன்னிக்குள் செஸ் நடுவராகத் திரிந்த காலத்தில் என் மூளையின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைச் சங்கதிகளுக்குத்தான் செலவானது.

இப்போது ஓய்வு. முழங்காலும் சொல்வழி கேட்பதில்லை. உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். அறிவுரை சொன்னால் கொட்டாவி விடுவீர்கள்; உங்கள் வயதில் நானும் விட்டவன்தான். ஆகவே ஒரேயொரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். முரசுமோட்டையில் நடந்தது. காய் குறைந்தவர் நிலையில் மேலாக இருந்த ஆட்டம். அது தெரிந்தும் தெரியாதவன்போல நான் நிற்க வேண்டியிருந்த ஆட்டமும் அதுதான்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் காய்க்கு ஜெயந்தி. அக்கராயனில் முன்பள்ளி ஆசிரியை. முப்பதைத் தாண்டியவர். சத்தம் போடாத சாதுவான பெண் என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். நாள் முழுக்க "இரு, எழும்பாதை, மூக்கைத் துடை" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர். பெரியவர்களோடும் அதே குரல்தான். அன்று காலையில் நான் வணக்கம் சொல்வதற்குள் "சேர், சேட்டுப் பட்டன் மாறிப் பூட்டியிருக்கு" என்றார். திரும்பி நின்று பூட்டினேன்.

கறுப்புக் காய்க்குத் திருச்செல்வம். முரசுமோட்டை ஆள். அறுவடை மெசின் வைத்திருக்கிறார். செஸ்ஸுக்கு வருமுன் கரம் பலகையில் காய் சுண்டுவதில் சம்பியன். கரத்தில் அவரை வெல்ல அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்றபடியால் அலுத்துப்போய் செஸ்ஸுக்கு வந்தவர். ஆனால் கை இன்னும் கரத்தை மறக்கவில்லை. எதிராளியின் காயை எடுத்தால், குழிக்குள் விழுத்திய சந்தோசத்தோடு மேசையில் "டொக்" என்று வைப்பார். எடுத்த காய்களை வரிசையாக அடுக்கி வைத்து அடிக்கடி பார்ப்பார். கெட்ட மனிதர் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். எடுப்பதில் ஆசை, அவ்வளவுதான்.

இருவருக்கும் இடையில் இருந்தது மாவட்ட அணியின் கடைசி இடம். திருச்செல்வத்துக்கு அது பெருமை. ஜெயந்திக்கு அது வேலை. கல்வி வலயத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் செஸ் பயிற்றுநர்களை எடுக்கப் போகிறார்கள் என்று அறிவித்திருந்தார்கள். மாவட்ட அணியில் விளையாடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வயதெல்லையும் போட்டிருந்தார்கள், ஜெயந்திக்கு அடுத்த வருடம் அது தாண்டிவிடும். முன்பள்ளிக் கொடுப்பனவு எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும், நான் சொல்லி உங்கள் வாயைக் கசக்க வைக்கவில்லை. ஆட்டத்துக்கு இருக்கும்போது ஒரேயொரு தடவைதான் அதைப் பற்றிச் சொன்னார்.

"இந்தமுறை இல்லாட்டி இல்லை, சேர்."

"எனக்கு ஏன் அதைச் சொல்லுறீங்கள்? நான் நடுவர்."

"சும்மா சொன்னனான். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்."

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடித்தது. 

இனி விதி. போட்டியை நடத்தியது ஊர் விளையாட்டுக் கழகம். கழகம் வருடக்கணக்காகக் கரம் போட்டி நடத்திப் பேர் எடுத்தது. கரத்தில் நேரம் முடிந்தால் காயை எண்ணி வெற்றி சொல்லிவிடலாம். செஸ் போட்டிக்கு விதி எழுதச் சொன்னபோது, கழகத் தலைவர் கரம் விதிமுறையை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி, வாசலில் ஒட்டிவிட்டார். "மண்டபத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தால் காய் எண்ணி வெற்றி தீர்மானிக்கப்படும். நடுவரின் தீர்ப்பே இறுதியானது." அதற்குக் கீழே "பவுடர் கழகத்தால் வழங்கப்படும்" என்றும் இருந்தது. அதை அழிக்க மறந்துவிட்டார்.

காலையிலேயே அவரைப் பிடித்தேன். "தலைவர், செஸ்ஸில உப்பிடி எண்ண ஏலாது. மணிக்கூடுதான் நேரம் சொல்லும்."

"அதெல்லாம் தேவைப்படாது சேர். மத்தியானத்தோட எல்லாம் முடிஞ்சிடும். ஒட்டினதைக் கிழிச்சால் கழகத்துக்கு மரியாதை இல்லை."

மத்தியானத்தோடு முடியவில்லை. நல்ல ஆட்டம் ஒருபோதும் நடத்துபவர்களின் வசதிக்கு முடிவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயந்தி தன் கோட்டையைக் கொடுத்தார். தவறவிடவில்லை, பார்த்துக் கொடுத்தார். கோட்டையால் திருச்செல்வத்தின் கறுப்புச் சதுர மந்திரியை எடுத்தார். அவர் அந்தக் கோட்டையை எடுத்தார். சபையில் "ஐயோ" என்று ஒரு சத்தம். கோட்டைக்கு ஐந்து புள்ளி, மந்திரிக்கு மூன்று என்று எல்லோரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். திருச்செல்வம் "டொக்" என்று வைத்தார். பின்னால் நின்ற தலைவர் என் காதுக்குள், "பிள்ளை களைச்சுப்போச்சுது போல" என்றார்.

நான் வாய்க்குள் ஒரு தோடம்பழ இனிப்பைப் போட்டுக்கொண்டேன். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் காட்டித்தந்த வழி அது. ஆட்டத்தில் உனக்கு ஏதாவது விளங்கிவிட்டது என்றால் உடனே ஒரு இனிப்பைப் போட்டுக்கொள், வாயும் முகமும் அதோடு மினக்கெடட்டும் என்பார். அவருக்குக் கடைசியில் நீரிழிவு வந்தது. அவ்வளவு ஆட்டம் விளங்கிய மனிதர்.

என்ன விளங்கியது என்று கேட்பீர்கள். அந்தக் கறுப்பு மந்திரிதான் திருச்செல்வத்தின் பாசறைக்கு நடுவில் இருந்த ஒரு கறுப்புச் சதுரத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. காவல் போனதும் ஜெயந்தியின் குதிரை அங்கே போய் இறங்கியது. கீழே இருந்து ஒரு காலாள் அதைத் தாங்கியது. இனி அதை அசைக்க ஆளில்லை. அந்தக் குதிரையால் அவருடைய காலாள் ஒன்று நகர முடியவில்லை. காலாள் நகராததால் அதற்குப் பின்னால் இருந்த மற்ற மந்திரிக்கு வழியில்லை. மந்திரி நகராததால் மூலையில் இருந்த கோட்டைக்கு வழியில்லை. மாரியில் வயலுக்குள் புதைந்த உழவு இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். பெறுமதி என்னவோ பெறுமதிதான், ஆனால் அன்றைக்கு அதைவிட ஒரு சைக்கிள் உதவும். ஐந்து புள்ளி என்பது ஓடக்கூடிய கோட்டைக்குக் கொடுத்த புள்ளி. இதை நீங்கள் ஆட்டக்காரராக அறிந்திருப்பீர்கள். நடுவராக அறிய வேண்டியது, அறிந்ததைக் காட்டாமல் நிற்பது எப்படி என்பது.

திருச்செல்வத்துக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு காலாளையும் எடுத்தார். "டொக்." பிறகு ஆடுவதற்கு ஒன்றும் இல்லாமல், மூலைக் கோட்டையைப் பக்கத்துச் சதுரத்துக்கு வைத்தார், திரும்ப மூலைக்கு வைத்தார், திரும்பப் பக்கத்துக்கு. அதைக்கூட வெல்பவர் பொழுது போக்குவதுபோல ஒரு தோரணையோடு செய்தார். ஜெயந்தி அவசரப்படவில்லை. ஒவ்வொரு காலாளாக முன்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சோடனைக்காரர் வந்தார்கள்.

அன்று பின்னேரம் அதே பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியபிள்ளையான சடங்கு. சோடனை எடுத்திருந்தவர் வவுனியாவில் இருந்து வந்த நவாஸ் என்ற இளைஞர். லொறி நிறையத் துணி, பிளாஸ்டிக் பூ, பூ வளைவு, பிள்ளை இருந்து வருவதற்கு ஒரு பல்லக்கு, அன்னப்பறவை இரண்டு. அவர் வாசலில் நின்று மண்டபத்தைப் பார்த்தார். நடு மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, சுற்றிவர மூச்சு விடாமல் முப்பது நாற்பது சனம்.

"சேர், ஹோல் எங்களுக்கு இப்ப தரவேணும். நீங்கள் இருக்கிற இடத்திலதான் அன்னப்பறவை நிக்கோணும்."

"தம்பி, ஆட்டம் நடக்குது. சத்தம் போடாமல் ஓரத்தில தொடங்குங்கோ."

பாவம், அவர் சத்தம் போடவில்லை. அவருடைய பொடியன்கள் காலணியைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். ஏணியில் ஏறி இளஞ்சிவப்புத் துணி கட்டினார்கள். பிரச்சினை புகை மெசினால் வந்தது. பல்லக்கு வரும்போது நிலத்தில் புகை போக வேண்டுமாம். வேலை செய்கிறதா என்று மேடைப் பக்கம் ஒருவர் சோதித்துப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது. வெள்ளைப் புகை மெதுவாக வந்து மேசையில் ஏறி, காய்களை மூடி, கடைசியில் ராசாக்கள் இரண்டு பேரின் தலை மட்டும் தெரிந்தது. நான் மணிக்கூட்டை நிறுத்தினேன். புகை கலையும்வரைக்கும் இரண்டு பேரும் கைகளை மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், யாரும் எதையும் தொடவில்லை என்பதற்குச் சாட்சியாக.

தலைவர் இருமிக்கொண்டு வந்தார். "சேர், மண்டப நேரம் முடிஞ்சுது. எண்ணுவம்."

"மணிக்கூட்டில ரெண்டு பேருக்கும் நேரம் கிடக்கு."

"மணிக்கூட்டில கிடக்கும். மண்டபத்தில இல்லையே! வாசலில ஒட்டிக் கிடக்கு. எண்ணினால் திரு வெற்றி. சனம் பார்த்துக்கொண்டு நிக்குது."

சனம் அதற்கு முன்பே எண்ணி முடித்திருந்தது. "கோட்டையும் காலாளும் கூட" என்று பின்வரிசை வரைக்கும் செய்தி போய்விட்டது. ஜெயந்தியைப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. காலையில் அவர் சொன்ன ஒற்றை வசனம் எனக்குள் ஓடியது. எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு அழகாக ஒருவர் கட்டி எழுப்பிய நிலையை, அன்னப்பறவைக்கு இடம் வேண்டும் என்பதற்காக, கரம் விதியால் எண்ணிக் கூட்டித் தள்ளுவதா?

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, ஒட்டிய விதிப்படி எண்ணிவிட்டு வீட்டுக்குப் போவது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, "இந்த விதி செல்லாது" என்று அந்த இடத்தில் கிழித்தெறிவது. அப்படிச் செய்தால் தோற்கும் பக்கத்துக்கு நடுவர் கைகொடுத்தார் என்று முரசுமோட்டை முழுக்கக் கதை வரும். அந்தக் கதையில் நியாயமும் இருக்கும். என்னதான் மடத்தனமான விதியென்றாலும், காலையில் ஒட்டியதை மாலையில், ஒருவர் அதனால் வெல்லப்போகிற நேரத்தில், நடுவர் தன் எண்ணத்துக்குக் கிழிக்கக் கூடாது. மூன்றாவது வழி, ஆடுகிற இரண்டு பேரிடமும் கேட்பது. கேட்பது என்றால், மாற்றத்தால் யார் நட்டப்படுவாரோ அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் அதோடு சரி, எண்ணத்தான் வேண்டும்.

நான் திருச்செல்வத்திடம் கேட்டேன். இன்னொரு இனிப்பு வாயில் இருந்தபடியால் சொற்கள் சிக்கனமாகத்தான் வந்தன.

"மண்டபத்தை விடவேணும். ஒட்டின விதிப்படி எண்ணலாம். நீங்கள் ரெண்டு பேரும் சம்மதிச்சால் வேற இடத்தில வைச்சு ஆடி முடிக்கலாம். என்ன செய்வம்? முதல் நீங்கள் சொல்லுங்கோ."

அந்த நேரம் ஜெயந்தி வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். 'இது நான் வெல்லுற ஆட்டம்' என்பதுதான். அதைச் சொல்லியிருந்தால் திருச்செல்வம் பலகையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்திருப்பார். ஜெயந்தி திறந்த வாயை அப்படியே மூடினார். முன்பள்ளி ஆசிரியைக்கு அது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். அன்று முழுக்க அவர் செய்தவற்றில் அதைத்தான் நான் சிறந்த நகர்வு என்பேன்.

திருச்செல்வம் தான் அடுக்கி வைத்திருந்த காய்களைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்தார்.

"எண்ணி வெண்டால் நாளைக்கு இவா 'எண்ணித்தானே வெண்டனீங்கள்' எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவா. எனக்கு என்ன, கோட்டை கூட வைச்சிருக்கிறன். எங்கை கொண்டுபோய் வைச்சாலும் வெல்லுவன்."

"திரு, எண்ணடா!" என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நீர் சும்மா இரும் அண்ணை. ஆடுவம், சேர்."

"டீச்சர், நீங்கள்?"

"ஆடுவம்" என்றார் ஜெயந்தி.

எங்கே ஆடுவது? வெளியே காற்று, பலகையோ சுருட்டி விரிக்கிற றெக்சின் துணி. மண்டபத்துக்குப் பின்னால் சமையல் நடந்த குசினிதான் ஒரே இடம். துணியைத் தூக்க முடியாதென்றபடியால் மேசையையே தூக்க வேண்டும். வேறு யாரையும் நம்பி விட நான் ஆயத்தமில்லை. ஆடுகிற இரண்டு பேரும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நான் மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னுக்கு நடந்து, "மெல்ல, மெல்ல, இடது கால்" என்று சொல்லிக்கொண்டு போனேன். நவாஸ் ஓடிவந்து பூ வளைவைத் தூக்கிப் பிடித்தார். இன்னும் கொஞ்சப் புகை நிலத்தில் கிடந்தது. வீடியோக்காரர் அப்போதுதான் வந்து கமராவைப் பூட்டியிருந்தார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்து முழுவதையும் பிடித்துவிட்டார். அந்த வீட்டாரின் சாமத்திய வீட்டு வீடியோ, பூ வளைவுக்குக் கீழால் புகைக்குள் ஒரு செஸ் மேசை ஊர்வலம் வருவதோடுதான் ஆரம்பிக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு காயும் விழவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் காய்களிலேயே கண் வைத்துக்கொண்டு நடந்ததால் வந்த ஒழுங்கு அது.

குசினியில் வேறு அரசாங்கம். பிள்ளையின் பெரியம்மா அகப்பையோடு நின்றார்.

"உதென்ன மேசை? எனக்குச் சோத்துக் கிடாரம் இறக்க இடம் வேணும்."

"அரை மணித்தியாலம் அம்மா. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறம்."

"எந்த அணிக்கோ எனக்குத் தெரியாது. அந்த மூலையில வையுங்கோ. சோத்துக்குக் கிட்ட வரக்கூடாது."

மூலையில் வைத்தோம். பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கூட்டை ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டக்காரர், பார்வையாளர், தலைவர், நான், எல்லோர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயம் இடையூறாகுமா என்று விதிப்புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவில் எரிந்ததால் விட்டுவிட்டேன்.

பெரியம்மாவுக்குச் செஸ் தெரியாது. ஆனால் மேசை ஓரத்தில் இருந்த காய்களைப் பார்த்தவுடன் அவரும் எண்ணினார். "ஆர் வெல்லுறது? இவரோ?" என்று கேட்டுவிட்டு, நான் தடுக்குமுன் திருச்செல்வத்துக்கு இரண்டு வடையும் ஜெயந்திக்கு ஒரு வடையும் வைத்தார். நான் இவ்வளவு காலம் நின்ற போட்டிகளில் வடையால் புள்ளி அறிவித்தது அது ஒன்றுதான். ஜெயந்தி வடையைத் தொடவில்லை. குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடை சாப்பிட்ட உற்சாகத்தில் திருச்செல்வத்தின் கை துருதுருத்தது. பலகையின் தூர மூலையில் ஜெயந்தியின் காலாள் ஒன்று காவலில்லாமல் நின்றது. அவருடைய ராணி பலகையைக் குறுக்கறுத்துப் போய் அதை எடுத்தது. "டொக்." வெங்காயம் உரித்தவர்களில் ஒருவர் கை தட்டினார். பெரியம்மா இன்னொரு வடை வைத்தார்.

ஜெயந்தி தன் ராணியை எடுத்து, மற்றப் பக்கத்தில், திருச்செல்வத்தின் ராசாவுக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார். அடுத்த நகர்வில் ராசாவுக்குப் பக்கத்துக் காலாளை எடுத்து மட்டடித்து ஆட்டத்தை முடிப்பதாகப் பயமுறுத்தல். அது திருச்செல்வத்துக்கும் தெரிந்தது. காவலுக்கு ராணியைத் தேடினார். ராணி தூர மூலையில் காலாள் தின்றுகொண்டு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. ராசாவுக்குக் கிட்ட இருந்த கோட்டையை நகர்த்தி, ராசாவுக்குப் பக்கத்தில் காவலாக ஒட்டி வைத்தார். கடைசியில் அவருடைய கோட்டைகளில் ஒன்றுக்காவது ஒரு வேலை கிடைத்தது. 

எனக்கு வாயில் இனிப்பு முடிந்துவிட்டது. உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஜெயந்தி குதிரையைத் தூக்கினார். வந்து இறங்கிய நேரத்திலிருந்து அந்தக் குதிரை அசையவே இல்லை. அசையாமல் நின்றுதான் அவ்வளவு காரியத்தையும் செய்தது. இப்போது ஒரேயொரு தாவல். மெதுவாக வைத்தார். சத்தமே வரவில்லை.

"செக்."

திருச்செல்வம் குதிரையை எடுக்க ஒரு காயைத் தேடினார். ராணி தூரத்தில். மந்திரிக்கு வழியில்லை. பக்கத்திலேயே நின்ற கோட்டைக்கு அந்தச் சதுரம் எட்டாது. சரி, ராசாவை நகர்த்துவோம் என்று பார்த்தார். ஒரு பக்கம் சொந்தக் கோட்டை. முன்னால் சொந்தக் காலாள் இரண்டு. மற்றப் பக்கம் பலகையே முடிந்துவிட்டது.

"ராசாவைச் சுத்தி எல்லாம் என்ர ஆக்கள்தானே, சேர்?" என்று என்னைக் கேட்டார்.

நடுவர் பதில் சொல்லக் கூடாது. ஜெயந்தி சொன்னார்: "ஓம். அதுதான் பிரச்சினை."

மட். குசினிக்குள் ஒருவருக்கும் விளங்கவில்லை. தலைவர் இரண்டு பக்கக் காய்களையும் விரலால் எண்ணினார், திரும்ப எண்ணினார். "எண்ணிக்கைப்படி திருவுக்கு..." என்று தொடங்கியவரை, பெரியம்மா "உங்கட எண்ணிக்கையை வெளியில கொண்டுபோங்கோ, எனக்குக் கிடாரம் இறக்கவேணும்" என்று அடக்கினார். நான் வெற்றியை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பிறகு பின்பக்கத் தண்ணீர்த் தாங்கி மறைவுக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில், ஆசை தீரச் சிரித்தேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தது. நடுவருக்குச் சந்தோசப்பட உரிமை உண்டு, கையெழுத்து வாங்கிய பிறகு.

ஜெயந்தி அணியில் விளையாடினார், நேர்முகத்துக்குப் போனார், வேலையும் கிடைத்தது. அதெல்லாம் பிறகு வந்த காரியங்கள். ஆனால் அவரை முதலில் பயிற்றுநராக நியமித்தது வலயம் இல்லை. அதை நான் தண்ணீர்த் தாங்கியடியில் இருந்து திரும்பி வரும்போது என் கண்ணால் கண்டேன்.

சனம் கலைந்துவிட்டது. திருச்செல்வம் இன்னும் கதிரையிலேயே இருந்தார். காய்களைப் பெட்டிக்குள் போடாமல், கடைசி நிலையைப் பார்த்தபடி இருந்தார். ஜெயந்தி எதிரே, ஆறிய வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர்" என்றார் திருச்செல்வம். "கோட்டையைக் குடுக்கேக்கையே உங்களுக்கு உது தெரியுமோ?"

"உவ்வளவும் தெரியாது. உங்கட ஆக்கள் நகர ஏலாது எண்டது தெரியும்."

அவர் தன் பங்கில் மிச்சமிருந்த வடையை எடுத்து ஜெயந்தியின் பக்கம் தள்ளினார்.

"என்ர மூத்தவள் தரம் நாலு படிக்கிறாள். என்னோட விளையாடிப் பழகி, என்னைப் போலத்தான் விளையாடுறாள். அவளுக்கு நீங்கள் பழக்குவீங்களோ?"

ஜெயந்தி அந்த வடையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முன்பள்ளிக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"பழக்குறன். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆனால் நீங்கள் பக்கத்தில நிண்டு எண்ணக் கூடாது."